போதனைக்கு அப்பால்: ரோஹிங்கியா முகாம்களில் பெண்கள் நலமும் மாணவர் களப்பயிற்சியும்

அகதிப் பெண்களின் நலவாழ்வுப் பணியில் களப்பயிற்சிக்குச் சேரும் மாணவியின் கையில் முதலில் தரப்படுவது பெரும்பாலும் படவிளக்க அட்டைகள்தாம். மாதவிடாய்ச் சுகாதாரம், கருத்தடை, பேறுகால உணவு என்று தலைப்புகள் நீளும். அப்பெண்களுக்கு விவரம் தெரியாது, எடுத்துச் சொன்னால் நலம் பெருகும் என்பதே இம்முறையின் அடிப்படை அனுமானம். 1986இல் உருவான ஒட்டாவா சாசனம் நலவாழ்வு மேம்பாட்டுக்கு ஐந்து செயற்களங்களை வகுத்தது: பொதுக்கொள்கை, ஆதரவான சூழல், சமூகச் செயற்பாடு, தனிமனிதத் திறன், மருத்துவச் சேவைகளின் திசைமாற்றம். இவற்றுள் தனிமனிதத் திறனை மட்டும் பற்றிக்கொள்ளும் பயிற்சி அகதி முகாமுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களையே எடுத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்டுக்குப் பின் மியன்மாரிலிருந்து ராணுவ வன்முறைக்குத் தப்பி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் இங்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் விட்டுவந்த வடக்கு ராக்கைன் பகுதியில் திருமணத்துக்கே அதிகாரிகளின் அனுமதி வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டின் உள்ளூர் ஆணையொன்று இரண்டு குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று ரோஹிங்கியாத் தம்பதியரைக் கட்டுப்படுத்தியது. கருப்பையைக் கண்காணித்த அரசிடமிருந்து தப்பி வந்தவளிடம், அறிமுகமில்லாத ஒருத்தி குறிப்பேட்டுடன் வந்து குழந்தைகளின் எண்ணிக்கையைக் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? அவளுடைய மௌனத்தை அறியாமை என்று பதிவு செய்வது ஆய்வுப் பிழை மட்டுமல்ல, அநீதியும்கூட.

அறிவு மட்டும் போதாத இடங்களும் உண்டு. பகலில் ஆண்களின் கண்ணில் படாமல் கழிப்பறைக்குப் போக வழியில்லாததால், பெண்கள் பலர் உணவையும் நீரையும் குறைத்துக்கொண்டு இருட்டும்வரை காத்திருந்ததைத் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துள்ளன. நிறைய நீர் அருந்துங்கள் என்று அவர்களுக்கு வகுப்பெடுப்பதால் என்ன பயன்? மறைப்பும் தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள கழிப்பறைதான் அங்கே நலவாழ்வு மேம்பாடு. அதேபோல், வங்கதேசத்தில் 1979 முதல் அரசுத் திட்டத்தின் கீழ், மாதவிடாய் தவறியதும் கருப்பையைக் காலிசெய்யும் மாதவிடாய்ச் சீராக்கச் சேவை கிடைக்கிறது. ஆனால் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிடப்படும் கால வரம்பு அதற்கு உண்டு: பயிற்சி பெற்ற துணை மருத்துவப் பணியாளரிடம் 10 வாரம், மருத்துவரிடம் 12 வாரம். ராணுவத்தினரின் பாலியல் வன்முறைக்கு ஆளாகித் தப்பி வந்தவர்களுக்கு அந்த வாரங்கள் எவ்வளவு விரைவாகக் கரைந்திருக்கும்! சேவை இருக்கும் சேதி உரிய நேரத்தில், நம்பத்தக்கவர் வாய்வழியாக, பிறர் அறியாமல் போய்ச் சேர வேண்டும். பொதுக்கூட்டத்தில் ஆகிற காரியமல்ல இது.

அந்த நம்பிக்கையைப் பெற்றவர்கள் முகாமிலேயே இருக்கும் ரோஹிங்கியாப் பெண் தன்னார்வலர்கள். முறையான வேலைக்கு அனுமதி இல்லாததால் அவர்களது உழைப்புக்குச் சம்பளம் என்ற பெயர்கூட இல்லை, ஊக்கத்தொகைதான். சில வாரங்கள் வந்துபோகும் மாணவிக்கோ பட்டப்படிப்பில் மதிப்பெண். யாரிடம் யார் கற்க வேண்டும் என்பது இங்கே தலைகீழாகக் கிடக்கிறது.

கொள்கையையும் கட்டுமானத்தையும் ஒரு மாணவியால் மாற்ற முடியுமா என்ற மறுப்பு எழலாம். முடியாதுதான். ஆனால் தன்னார்வலரின் பின்னே நடந்து, எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, எந்த மருத்துவ நிலையத்தில் பெண் பணியாளர் இல்லை, யார் எதற்காகப் பாதியில் திரும்பினார் என்பதை எழுதி, முடிவெடுப்போரின் மேசைக்கு அவளால் கொண்டுபோக முடியும். பல்கலைக்கழகங்கள், மாணவி நடத்திய கூட்டங்களை எண்ணி மதிப்பெண் இடுவதை நிறுத்தட்டும். கண்டறிந்த தடைகளையும், அவற்றில் நீங்கியவற்றையும் கேட்கட்டும். மதிப்பீட்டுத் தாளில் தன்னார்வலரும் கையொப்பமிடட்டும்.