அவிழாத துண்டு

"இந்தியாவில் ஜூரி முறை ஏன் ஒழிந்தது?" என்று கேட்டால் பலரும் 'நானாவதி கேஸ்' என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

1959 ஏப்ரல் 27, பம்பாய். கார் வியாபாரி பிரேம் அஹுஜாவோடு தனக்கிருந்த உறவைக் கடற்படை கமாண்டர் நானாவதியிடம் அவர் மனைவி ஒப்புக்கொண்டார். நானாவதி உடனே பாய்ந்துவிடவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய், பொய்க்காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அஹுஜாவை ஆபீசில் தேடி, அங்கே இல்லாததால் வீட்டுக்கே போனார். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்ற அஹுஜா மூன்று குண்டுகளில் செத்தார். நானாவதி தானே போய்ச் சரணடைந்தார்.

கோர்ட்டில் அவர் தரப்பு வாதம் இது: வேண்டுமென்று சுடவில்லை, ரிவால்வருக்காக இருவரும் மல்லுக்கட்டியபோது அது வெடித்துவிட்டது. அரசுத் தரப்பு துண்டைச் சுட்டிக்காட்டியது. பிணத்தின் இடுப்பில் அது அவிழாமல் அப்படியே இருந்தது. மல்லுக்கட்டினால் துண்டு நிற்குமா? நம் வீட்டில் யாராவது துண்டு கட்டி நடப்பதைப் பார்த்திருந்தாலே போதும்!

ஆனாலும் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் 'குற்றவாளி அல்ல' என்றார்கள்.

ஜூரிகள் சாட்சியங்களைத் தராசில் போட்டு நிறுப்பதில்லை, கோர்வையான கதையாக்கித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று பென்னிங்டன், ஹேஸ்டி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் ஆராய்ந்து சொன்னார்கள். பம்பாயில் கதை தயாராகவே இருந்தது. வெள்ளைச் சீருடையில் மெடல்களோடு நிற்கும் வீரன்; அவன் கடலில் இருந்தபோது குடும்பத்தைக் கெடுத்த பணக்கார மைனர். 'பிளிட்ஸ்' வாரப்பத்திரிகை இதை வாராவாரம் ஊதிப் பெருக்கியது. ஜூரிகளும் அதே ஊர்க்காரர்கள்தானே.

இதில் வேடிக்கை, தெருவின் கதைப்படி அவர் மானத்துக்காகச் சுட்டார். கோர்ட்டில் சொன்ன கதைப்படி அவர் வேண்டுமென்று சுடவே இல்லை. இரண்டும் சேர்ந்து நிற்காது. ஆனால் விடுதலை செய்ய விரும்பும் மனசுக்கு இந்த முரண் உறுத்தியிருக்காது.

பழியை ஜூரி தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. 'தற்செயல்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டத்தை நீதிபதி அவர்களுக்குச் சரியாக விளக்கவில்லை. பிறகு அதே நீதிபதி, இந்தத் தீர்ப்பு ஏற்கத்தக்கதல்ல என்று வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். 1960ல் ஆயுள் தண்டனை. 1961 நவம்பர் 24ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. வீட்டிலிருந்து 1.30க்குக் கிளம்பி 4.20க்குச் சுட்டவருக்கு நிதானத்துக்கு வர நேரம் இருந்தது என்றது.

இப்போது அந்த மீதிப் பாதி. ஜூரி முறை தோற்றுவிட்டது, ஒழிக்கலாம் என்று சட்டக் கமிஷன் 1958லேயே, அதாவது இந்தக் கொலைக்கு முன்பே, பரிந்துரைத்திருந்தது. நானாவதிக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை தொடர்ந்தது. 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அது முழுதாகப் போனது.

நானாவதிக்கு 1964ல் கவர்னர் மன்னிப்பு கிடைத்தது. பிறகு மனைவி, குழந்தைகளோடு கனடாவில் குடியேறினார்.