கம்பெனி கொடுத்த முன்பணம்



போன மாசி மாதம் சங்ககிரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மரவள்ளி விவசாயிகள் கூட்டம் போட்டிருந்தோம். மாவுப்பூச்சியைப் பற்றி நான் பேசி முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "பூச்சிக்கு மருந்து சொல்லிப்போட்டீங்க. கரணை நட்டப்பவே நான் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டனுங்க. இப்ப பாயிண்ட் எத்தனை, விலை எத்தனைன்னு அவரேதான் சொல்றாரு. இதுக்கு என்ன மருந்துங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் சங்ககிரி மலைக்கோட்டை தெரியும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கோட்டையின் கதையிலேயே இருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது. அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து, பிரான்சு, ஹாலந்து முதலிய தேசங்களை ஆண்டவர்களுக்கு ஒரே கணக்குத்தான். தங்கமும் வெள்ளியும் யார் கஜானாவில் அதிகமோ அவனே பலசாலி. ஆகவே வெளியூருக்கு நிறைய விற்க வேண்டும், வெளியூரிலிருந்து கொஞ்சமாக வாங்க வேண்டும். பிடித்த நாடுகளிலிருந்து மூலப்பொருள் வரவேண்டும், செய்த சரக்கு அங்கே போக வேண்டும். ஏற்றி இறக்குகிற கப்பலும் நம்முடையதாக இருக்க வேண்டும். இங்கிலாந்து 1651-ஆம் ஆண்டிலேயே இதற்காகக் கப்பல் சட்டம் போட்டது. பருத்தியை நாம் விற்று, அதே பருத்தியில் நெய்த வேட்டியை நாமே கடையில் வாங்குகிறோமே, அந்தக் கணக்கைத் துப்பாக்கி வைத்து நடத்தினால் எப்படி? அதுதான் அந்தக் கொள்கை.

ஆனால் ஒரு இடத்தில் அவர்கள் கணக்கு உதைத்தது. 1600-இல் ஆரம்பித்த கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்து பார்த்தால், அவர்களுடைய கம்பளித் துணி நம் வெயிலுக்கு யாருக்கு வேண்டும்? நம் பருத்தித் துணிக்கோ அங்கே ஏகக் கிராக்கி. எனவே கப்பல் கப்பலாக வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்துத்தான் துணி வாங்கினார்கள். வெள்ளி வெளியே போகிறதே என்று அங்கே ஒரே கூச்சல். அங்கேயுள்ள கம்பளிக்காரர்களும் பட்டு நெசவாளிகளும் தங்கள் பிழைப்புப் போச்சு என்று கொதித்தார்கள். 1719-இல் இலண்டன் தெருக்களில் இந்தியச் சீட்டித் துணி உடுத்திய பெண்களின் உடையையே கிழித்தார்கள். 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் இன்னொரு சட்டம். அச்சுப்போட்ட நம் துணியை அங்கே இறக்குமதி செய்யக்கூடாது, உடுத்தவும் கூடாது என்று தடை போட்டார்கள். வெள்ளைத் துணியை மட்டும் வாங்கித் தாங்களே அச்சுப் போட்டார்கள். அந்த வேலிக்குள்ளே அவர்களுடைய பருத்தித் தொழில் நாற்றங்கால் பயிர் மாதிரி பத்திரமாக வளர்ந்தது.

வெள்ளி வெளியே போகிற பிரச்சினைக்கு என்ன செய்தார்கள்? 1765-இல் வங்காளத்தில் நிலவரி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. அதற்கப்புறம் இங்கிலாந்திலிருந்து வெள்ளி கொண்டுவரும் அவசியம் வெகுவாகக் குறைந்து போச்சு. இங்கே வாங்கிய வரியிலேயே இங்கே சரக்கு வாங்கலாம் அல்லவா!

நம் சீமைக்கு வருவோம். 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகாலும், சேலம், சங்ககிரி, நாமக்கல் பகுதிகளும் கம்பெனி கைக்கு வந்தன. காப்டன் ரீட், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ முதலியவர்கள் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். அந்த வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். எதிர்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டது இதே சங்ககிரிக் கோட்டையில்தான்.

வரி வாங்குகிற கலெக்டர் ஒரு பக்கம் என்றால், துணி வாங்குவதற்கென்றே சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரி ஒருவர் இன்னொரு பக்கம். நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கியவர் கம்பெனித் துணியை முடித்துக் கொடுக்கிறவரை வேறு வியாபாரிக்கு நெய்யக்கூடாது. நீளம், அகலம், இழை எல்லாம் கம்பெனி சொல்வதுதான். தரம் பிரிப்பதும் அவர்கள், விலை போடுவதும் அவர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? நம் பாட்டனுக்குப் பாட்டன் ஒரு வராகன் வரி கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு படைக்கும் சம்பளத்துக்கும் போச்சு. இன்னொரு பங்கு நெசவாளிக்கு முன்பணமாகப் போச்சு. அவர் நெய்த துணி கப்பலேறிப் போய் இலண்டனில் ஏலத்தில் விற்றது. விற்ற பணம் அங்கேயே நின்றுகொண்டது. அப்படியானால் அந்தத் துணிக்கு விலை கொடுத்தது யார்? காட்டில் கம்பும் சோளமும் விதைத்த நாம்தான்! காட்டுக்காரர் காசு தறிக்காரர் கைக்கு வந்தது, துணி மட்டும் கடல் தாண்டிப் போச்சு.

இதுவும் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் வந்தன, லங்காஷயர் ஆலைகள் பெருகின. 1813-ஐ ஒட்டிய வருஷங்களில் நம் துணிக்கு அங்கே எழுபது எண்பது சதவீதத் தீர்வை. இங்கே வந்த அவர்கள் துணிக்கோ மிகச் சொற்பம். 1840-இல்கூட அவர்கள் துணிக்கு இங்கே மூன்றரை சதவீதம், நம் துணிக்கு அங்கே பத்து சதவீதம். நம் ஊருக்குள்ளேயே சரக்கு போக வர சுங்கச்சாவடிகள் வேறு. சென்னை மாகாணத்தில் அவை ஒழிந்தது 1844-இல்தான். 1833-இல் கம்பெனியின் வியாபாரமே நிறுத்தப்பட்டது. முன்பணத்தையே நம்பிக் கம்பெனிக்கு மட்டும் நெய்து பழகியவர்களுக்குத் திடீரென்று வாங்க ஆளில்லை.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் சட்டத்தால் மட்டும் நடந்ததல்ல. இயந்திர நூல் மலிவு, அதோடு போட்டி போடுவது கஷ்டம். ஆனால் போட்டி என்றால் இரண்டு பேருக்கும் ஒரே களம் வேண்டாமா? அவர்கள் தொழில் இளம்பயிராக இருந்தபோது வேலி போட்டுக்கொண்டார்கள். நம் பயிருக்கு வேலி போடும் அதிகாரம் நம் கையில் இல்லை. அமெரிக்காவில் குடியேறிய அவர்கள் சொந்த ஜனங்களே இந்த மாதிரிக் கட்டுப்பாடும் வரியும் பொறுக்காமல் 1773-இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டி, 1776-இல் பிரிந்தே போய்விட்டார்கள்.

பழங்கதை போதும், நம் மரவள்ளிக்கு வருகிறேன். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் இங்கேயே மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்து பார்த்தார்கள். கப்பல் நின்றபோது நம் தொழில் முளைத்தது, பார்த்தீர்களா! கிழங்கு விளையும் இடத்திலேயே ஆலையும் இருப்பதால்தான் அந்த வருமானம் இந்தச் சீமையிலேயே சுற்றி வருகிறது.

அந்த ஆலைக்காரர்களும் ஒரு காலத்தில் விற்பனைக்கு இடைத்தரகர்களை நம்பித் தவித்தவர்கள்தான். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். சரக்கைக் கிட்டங்கியில் வைத்து, அதன்பேரில் கடன் பெற்று, டெண்டரில் விற்றார்கள். தனி ஆளாக நின்றால் விலை கேட்கலாம், சேர்ந்து நின்றால் விலை சொல்லலாம்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல நினைத்த மருந்து இதுதான். சரக்கை வாங்குகிறவரிடமே கடன் வாங்காதீர்கள். நடவுச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே லாரியில் கிழங்கை அனுப்புங்கள். பாயிண்ட் பார்க்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், சந்தேகம் வந்தால் இன்னொரு இடத்திலும் பாருங்கள். பருத்திக்காரர்கள் கொங்கணாபுரம், திருச்செங்கோடு கூட்டுறவு ஏலத்துக்குக் கொண்டு போகிறார்களே, அதையும் பாருங்கள். அங்கே பல பேர் விலை கேட்கிறார்கள், ஒருவர் மட்டும் விலை சொல்வதில்லை.

முன்பணம் கொடுக்கிற எல்லா வியாபாரியும் கெட்டவர் இல்லை. அவசரத்துக்கு உதவுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடன் கொடுப்பவரும், எடை போடுபவரும், தரம் பார்ப்பவரும், விலை சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவர் நல்லவராக இருந்தாலும் நாம் நஷ்டப்படுவோம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் தறிக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நாம் கேட்டே தெரிந்துகொள்ளலாமே.

அடுத்த முறை சங்ககிரி வழியாகப் போகும்போது அந்த மலையை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்கள்.