ரந்தெனிவலைத் தொடர்தாக்குதல் (1630)

ஊவா மலைநாட்டில் பின்வாங்கிய போர்த்துக்கேயப் படையைக் கண்டிப் படைகள் துரத்தி அழித்த நிகழ்வு. திருகோணமலையிலும் (1624) மட்டக்களப்பிலும் (1628) போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதால், 1617இல் அவர்கள் கண்டியுடன் செய்த சமாதான உடன்படிக்கை பயனற்றுப் போயிற்று. கிழக்குத் துறைகளை இழந்த கண்டி மன்னன் செனரத் மீண்டும் போருக்கு ஆயத்தமானான். 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவுக்குள் புகுந்து பதுளையைக் கொளுத்தினார்.

எதிர்ப்பின்றிக் கிடைத்த அந்நகரமே அவருக்குப் பொறியாயிற்று. முன்னேறும் பகைவனுக்கு வழிவிட்டு, அவன் திரும்பும்போது கணவாய்களிலும் காட்டுப் பாதைகளிலும் தாக்குவது கண்டியரின் கைதேர்ந்த முறை. 1594இல் தந்துறையிலும் போர்த்துக்கேயர் இப்படித்தான் அழிந்தனர். துரத்துபவன் விரைய வேண்டியதில்லை; பசியும் களைப்பும் வழியறியாமையும் அவனுக்காகப் போரிட்டன. இம்முறை போர்த்துக்கேயப் படைக்குள்ளிருந்த சிங்கள முதலியார்களும் லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர் வீரர்களும் கண்டியர் பக்கம் சேர்ந்தனர். முடிவைத் தீர்மானித்தது இதுவே எனலாம்.

ஆகஸ்ட் 25 அன்று, வெல்லவாயவுக்கு அருகிலுள்ள ரந்தெனிவலையில் த சா கொல்லப்பட்டார். பின்னர் கண்டிப் படை கொழும்புவரை சென்று முற்றுகையிட்டது; ஆனால் கோட்டை வீழவில்லை. 1638இல் கன்னொறுவையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் இதே முறையில் வென்றான்.