கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் தள்ளிவிட்டுப் போகாமல் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் இரவு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. "டீச்சர், கருப்பை வாய் டெஸ்ட்ல டிஸ்பிளாசியா, சி.ஐ.என். ரெண்டுன்னு வந்திருக்கு. ஒரு ஆய்வு நடக்குது, சேர்றீங்களான்னு ஆஸ்பத்திரியில கேக்குறாங்க. படிவம் பத்து பக்கம் இருக்கு. கையெழுத்துப் போடலாமா?" என்றாள். குரல் நடுங்கியது.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தை வைத்துக்கொண்டு காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனால் வரலாறு எனக்குப் பிடித்த பாடம். "ரெண்டு நாள் டைம் குடும்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். போடவில்லை.

முதலில் சொல்லின் பொருள். டிஸ்பிளாசியா என்பது கிரேக்க வேர்களில் இருந்து வந்த சொல். 'சரியாக உருவாகாதது' என்று வைத்துக்கொள்ளலாம். செல்கள் இயல்பு மாறி வளர்ந்திருக்கின்றன என்று பொருள். அது புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய படி. எலும்பு, ரத்தம் தொடர்பான வேறு நோய்களுக்கும் இதே சொல் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம். கருப்பை வாயில் வந்தால் சி.ஐ.என். 1, 2, 3 என்று படி பிரிப்பார்கள். ஒன்று பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மூன்றுக்குச் சிகிச்சை கட்டாயம். நடுவில் இருக்கும் இரண்டுதான் டாக்டர்களையே யோசிக்க வைப்பது. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, சிகிச்சை தராமல் கவனித்து வந்த சி.ஐ.என். 2 பெண்களில் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தானாகவே குறைந்தது. 18 சதவீதம் பேருக்கு மேலே ஏறியது. யாருக்குக் குறையும், யாருக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் ஆய்வுகள் நடக்கின்றன.

இனி வரலாறு. இரண்டு ஊர்களின் கதை.

முதல் ஊர் நியூசிலாந்தின் ஆக்லாந்து. அங்கே நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர் இருந்தார். இன்று நாம் சி.ஐ.என். 3 என்று சொல்லும் முற்றிய நிலைகூடப் புற்றுநோயாக மாறாது என்பது அவர் நம்பிக்கை. அதை நிரூபிக்க 1966இல் ஓர் ஆய்வு தொடங்கினார். பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல், சிறிய சதைத் துணுக்கை மட்டும் எடுத்துவிட்டு, வருடக்கணக்கில் வரவழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எச்சரித்தும் நிற்கவில்லை. 1984இல் அந்தச் சக மருத்துவர்களே உண்மையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள் 'மெட்ரோ' பத்திரிகையில் எழுதிய பிறகுதான் நாடே அதிர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை கொடுத்தார்.

கணக்கைப் பாருங்கள். துணுக்கு மட்டும் எடுத்துவிட்டு விடப்பட்ட பெண்கள் 143 பேர். முப்பது ஆண்டுகளில் அவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. அதே மருத்துவமனையில் தொடக்கத்திலேயே போதுமான சிகிச்சை பெற்ற 593 பேரில் அது 0.7 சதவீதம்தான். அந்த அறிக்கையின் பலனாக நியூசிலாந்தில் நோயாளிகளின் உரிமைகள் 1996இல் சட்டத் தொகுப்பாக வந்தன. உரிமை வந்தது சரி, அந்தப் பெண்கள் கொடுத்த விலை திரும்பவா வரும்?

இரண்டாவது ஊர் நம் திண்டுக்கல் மாவட்டம். 2000ஆம் ஆண்டில் தொடங்கி இங்கே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையம் ஆகியவை சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதியில் சோதனை செய்தார்கள். மீதிப் பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். சோதனை மிக எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதனை, தேவைப்பட்டால் குளிர்வித்து அகற்றும் சிகிச்சை. பயிற்சி பெற்ற நர்ஸம்மாக்களே செய்தார்கள்.

முடிவு 2007இல் 'லான்செட்' இதழில் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. அழைத்தவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர்.

வராத அந்தப் பதினெட்டாயிரம் பேரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு நாற்பது வயது. நர்ஸம்மா வீடு தேடி வந்து சொன்னார். ஏதோ இலவச முகாம் என்று நினைத்தேன். "பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம்மா" என்று சொல்லி அனுப்பினேன். பரீட்சை ஒன்றும் இல்லை, கூச்சம்தான். பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்திய வாயால் சொன்ன பொய் அது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம், அறிவு இல்லை.

இந்த ஆய்வையும் கேள்வி கேட்டவர்கள் உண்டு. சோதனையால் பலன் உண்டு என்று ஓரளவு தெரிந்திருக்கும்போது, பாதி ஊர்களைச் சோதிக்காமல் விடலாமா என்றார்கள். அன்றைக்கு நம் கிராமங்களில் எந்தச் சோதனையுமே இல்லை, இந்த எளிய முறை உயிரைக் காக்குமா என்று வேறு எப்படி அறிவது என்பது மறுபக்கம். ஒப்பிட வைத்த ஊர்களில் இந்த நோயால் இறந்த பெண்கள் 92 பேர் என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. அந்த எண்ணை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடியவில்லை. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசமாகக் கிடைப்பதற்குப் பின்னால் இரண்டு வகை ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளுக்குப் போன் செய்தேன். "பார்த்துக்கிட்டு இருக்கிறதே தப்பு இல்லம்மா. சொல்லாம பார்த்ததும், நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தாம பார்த்ததும்தான் ஆக்லாந்துல நடந்த தப்பு" என்றேன். பிறகு அவளும் நானுமாகச் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ உதவும்.

ஒன்று: படிவத்தில் பதிவு எண்ணைத் தேடினோம். இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பதிவு செய்வது கட்டாயம். எண் 'சி.டி.ஆர்.ஐ' என்று தொடங்கும். அந்த இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஊரில் நடக்கிறது, என்ன வயது, யாரைச் சேர்க்க மாட்டார்கள் எல்லாம் இருக்கும். நீங்களாக ஆய்வு தேடுவதாக இருந்தாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். டிஸ்பிளாசியா என்று மட்டும் தேடாதீர்கள்; சி.ஐ.என். என்பதன் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள்.

இரண்டு: தமிழில் எழுதிய தகவல் தாளைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் நமக்குத் தர வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி புது மருந்து ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

மூன்று: எந்தப் பிரிவில் விழுவோம் என்பது குலுக்கல்தான். மருந்தில்லாத போலி மருந்தும் கிடைக்கலாம். அதை மனம் ஏற்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான்கு, எல்லாவற்றிலும் முக்கியம்: "எனக்கு மோசமானால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்? எந்த நிலை வந்தால் ஆய்வை விட்டுவிட்டுச் சிகிச்சை தருவீர்கள்?" ஆக்லாந்துப் பெண்கள் கேட்க வழியில்லாமல் போன கேள்வி இது. இதற்குத் தெளிவான பதில் எழுத்தில் இருந்தால் மேலே யோசிக்கலாம். இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

அவள் கணவனோடு போய் இதையெல்லாம் கேட்டாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. படிவத்தின் ஆறாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி அரை மணி நேரம் விளக்கினாராம். அதன்பின் அவள் கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்பதை நான் எழுதவில்லை. "அது வரைக்கும் எழுதிக்கோங்க டீச்சர், அதுக்கு மேல வேண்டாம்" என்றாள். அவள் விஷயம், அவள் சம்மதம்.

முப்பது வயது தாண்டிய என் மாணவிகளே, சோதனைக்குப் போய்விட்டு வாருங்கள். நான் பத்து வருடம் தாமதமாகப் போனேன். ஐந்து நிமிட வேலைதான். கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்