பெயரறியா நோய்க்கு முந்திவந்த மருந்து

நோயின் முதற்காரணத்தை அறிந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை. மருத்துவ வரலாற்றில் இவ்வரிசை தலைகீழான தருணங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று இன்டர்ஃபெரானின் கதை.

1957-ஆம் ஆண்டு, லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் அலிக் ஐசக்ஸும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ழான் லிண்டன்மனும், செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வில் இட்டு ஆராய்ந்தனர். அச்சவ்விலிருந்து சுரந்த ஒரு பொருள், அடுத்து வந்த வைரஸைப் பெருகவிடாமல் தடுத்தது. குறுக்கிடுதல் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். அது வைரஸை நேரே கொல்வதில்லை. உயிரணுக்களை எச்சரித்து, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுவதே அதன் தொழில்.

பெயர் கிடைத்துவிட்டது, பொருள் கிடைப்பதுதான் அரிதாயிருந்தது. ஹெல்சிங்கியில் காரி கான்டெல், தானக் குருதியின் வெள்ளணுக்களைக் கொண்டு அதனைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1980-ஐ ஒட்டி மரபணுப் பொறியியல் கைகொடுத்த பிறகே தாராளமாகக் கிடைக்கலாயிற்று. ஐசக்ஸ் அதனைக் காணவில்லை. 1967-இல், தம் 45-ஆம் வயதில் மறைந்தார்.

அக்காலத்தில் குருதி ஏற்றிக்கொண்டோர் பலரைக் கல்லீரல் அழற்சி பீடித்தது. காரணம் ஏ வைரஸும் அன்று, பி வைரஸும் அன்று. எனவே மருத்துவ ஏடுகளும் அதனை 'ஏ அல்லாத, பி அல்லாத' நோய் என்றே எழுதின. எதிர்மறையால் மட்டுமே சுட்டத்தக்க நோய்! அதனால் அவதியுற்ற 10 பேருக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜே ஹூஃப்நேகலும் அவர்தம் குழுவினரும் இன்டர்ஃபெரான் அளித்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டனர். வைரஸின் முகமே தெரியாதபோது அதனை எங்ஙனம் அளப்பது? குருதியில் கசியும் கல்லீரல் நொதியின் அளவே துணையாயிற்று. 8 பேருக்கு அது இயல்பு நிலைக்கோ, அதன் அருகிலோ இறங்கியது. சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதோ 1989-இல்தான்.

1991-இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எனினும் தனித்து அளிக்கப்பட்டபோது நிலையான குணம் கண்டோர் ஐவரில் ஒருவருக்கும் குறைவே. 1998-இல் ரிபாவிரினும், 2001-இல் வாரம் ஒருமுறை இடும் புதிய வடிவமும் வந்தும், கடினமான வகை வைரஸ் உடையோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏமாற்றமே அடைந்தனர். காய்ச்சல், உடல்வலி, முடியுதிர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம்வரை இட்டுச்சென்ற மனச்சோர்வு: 48 வார மருத்துவத்தின் விலை இவை. எதிர்ப்பாற்றலை ஏவும்போது, ஏவிய உடலே போர்க்களமாகிவிடுகிறது.

2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்தபின் காட்சி மாறியது. இன்று நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகளால், பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைகின்றனர். இன்டர்ஃபெரான், பி, டி வகைக் கல்லீரல் அழற்சி போன்ற சிலவற்றிற்கு மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆகவே அது தோற்ற மருந்தா? ஆண்டுக்கணக்கில் உடலில் குடிகொண்ட வைரஸையும் அடியோடு வெளியேற்ற இயலும் என்று முதலில் மெய்ப்பித்தது அதுவே. அந்த நம்பிக்கையின் மீதுதான் பின்வந்த மாத்திரைகள் எழுந்தன. நோபல் பரிசு 2020-இல் சி வைரஸைக் கண்டறிந்தோருக்குச் சென்றது, தகுதியான பரிசுதான். பெயரில்லாத நோய்க்குத் தம் உடலைச் சோதனைக்குத் தந்த அந்தப் பத்துப் பேரின் பெயர்கள் மட்டும் எந்த வரலாற்றிலும் இல்லை.