தாபோரை வீழ்த்தியவர்கள் யார்?



நான் வாழும் ஸ்ரௌவ்வில் நகருக்கு 1804இல் அடித்தளமிட்டவர் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஆபிரகாம் ஸ்ரௌவர். அவர் மெனோனைற் சமயத்தவர். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அச்சமயத்தவரின் கொள்கை. இதை அறிந்தபோது, சமயத்துக்காக ஆயுதம் ஏந்திய வேறோர் ஊர் என் நினைவுக்கு வந்தது. இம்மாதம் அந்த ஊரின் கதையைச் சொல்கிறேன்.

இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில், திருச்சபையின் சீர்கேடுகளைக் கண்டித்த மதகுரு யான் ஹுஸ். பாதுகாப்பு உறுதி கொடுத்து அழைத்துவிட்டு, 1415 யூலை 6ஆம் நாள் கொன்ஸ்ரான்ஸ் நகரில் அவரை உயிரோடு எரித்தார்கள். நாடு கொதித்தது. ஹுஸ்ஸைப் பின்பற்றியோருள் தீவிரமானவர்கள் 1420இல் ஒரு குன்றின்மேல் ஊர் அமைத்து, வேதாகமத்திலுள்ள தாபோர் மலையின் பெயரையே அதற்கு இட்டார்கள். அங்கு வந்தவர்கள் தங்கள் உடைமைகளைப் பொதுத் தொட்டிகளில் போட்டார்கள். எல்லாம் எல்லோருக்கும் பொது என்றார்கள்.

அவர்களின் தளபதி யான் சிஷ்காவுக்கு ஒரு கண்தான். 1421இல் அதுவும் போன பின்னரும் அவர் படை நடத்தினார். வண்டில்களைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கினார். கதிரடிக்கும் கோல்களே குடியானவர்களின் ஆயுதமாயின. 1420 முதல் 1431 வரை வந்த ஐந்து சிலுவைப் படைகளும் தோற்றன.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. பொதுவுடைமை பேசியவர்கள் அதே 1420இல் குடியானவர்களிடம் வரி வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, கருத்து வேறுபட்ட தம்மவர்களைச் சிஷ்காவே எரித்தார்.

1434 மே 30ஆம் நாள் லிபானியில் தாபோர் படை அழிந்தது. அழித்தவர்கள் யார்? ஹுஸ்ஸைப் போற்றிய மிதவாதிகள்! கத்தோலிக்கப் பிரபுக்களோடு கூட்டுச் சேர்ந்து வந்தார்கள். தளபதி புரொக்கோப் மாண்டார். பிடிபட்டவர்களில் பலரைக் களஞ்சியங்களில் அடைத்து எரித்தார்கள்.

அதே நாட்டில் பீற்றர் கெல்சிற்ஸ்கி என்பவர், விசுவாசத்தை வாளால் காக்க முடியாது என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் வழிவந்தோர் 1457இல் தனிச்சபை அமைத்தனர். மொறேவியச் சபையாக அது இன்றும் இருக்கிறது.

லிபானியில் 1881இல் செக் மக்கள் ஒரு நினைவுமேடு எழுப்பினார்கள். தம்மவரைத் தம்மவரே கொன்ற இடத்தை அவர்கள் மறைக்கவில்லை.

நேயர்களே, நாங்கள் ஏன் இங்கு வந்தோம் என்று பிள்ளைகள் கேட்டால், எதிரி செய்ததைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குள் நாங்கள் செய்ததை எப்போது சொல்லப் போகிறோம்?