மஜ்ஜைக்குள் இருக்கும் அசல்



மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குக் கீமோ சிகிச்சை நடந்தது. மருந்து ஏற்றிய பத்தாம் நாள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. "பயப்படாதீங்க ஐயா, அடுத்த வாரம் தானா ஏறிடும்" என்றார் டாக்டர். ஏறியது. எங்கிருந்து ஏறியது என்ற கேள்வி என்னை விடவில்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் 'முவால்' என்ற சொல் சிறுவயதிலேயே தெரியும். மஜ்ஜை. நல்லி எலும்புக்குள் இருப்பது என்பதற்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை. கேள்விக்கு விடை தேடியபோது 1958க்குப் போனேன்.

அந்த அக்டோபரில், யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து. ஆறு பேர் கடும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். பாரிஸில் உள்ள கியூரி மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திக்கொண்டிருந்தது.

நமக்கு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக வேண்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தட்டணுவுக்குப் பத்து நாள்தான். உற்பத்தி நின்றால் முதலில் கிருமியும் ரத்தக்கசிவும் ஆளைக் கொல்லும்.

டாக்டர் ஜார்ஜ் மாத்தே, ஐந்து நோயாளிகளுக்குப் பிறர் மஜ்ஜையை ஏற்றினார். கொடுத்தவர்கள் ஐந்து பிரெஞ்சுக்காரர்கள். பலன் கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. முன்பின் அறியாத வேற்று நாட்டாருக்காக மயக்க மருந்து வாங்கிப் படுத்தார்கள். ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தார்கள். இரவல் மஜ்ஜை நிலைக்கவில்லை. சில வாரங்கள் தாங்கியது. அதற்குள் அவர்களுடைய சொந்த மஜ்ஜை மீண்டும் தளிர்த்தது.

எப்படித் தளிர்த்தது? 1961இல் டொரோண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு நல்ல மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பத்து நாளில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து வளர்ந்தது என்பது 1963இல் உறுதியானது. அதுதான் மூலச்செல்.

அலுவலகத்தில் நாங்கள் அசலை வெளியே விடமாட்டோம், நகல்தான் போகும். மூலச்செல்லும் அப்படித்தான். பிரியும்போது தன்னைப் போன்ற ஒன்றை மஜ்ஜையிலேயே இருத்திக்கொள்ளும். அதிலிருந்து உருவாகும் முன்னோடிச் செல்கள் வேகமாகப் பெருகி, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று பிரிந்து வேலைக்குப் போகும். கீமோ மருந்து வேகமாகப் பெருகுபவற்றைத்தான் அதிகம் தாக்குகிறது. அசல்களில் பெரும்பாலானவை அப்போது உறக்கத்தில் இருப்பதால் தப்பிக்கின்றன.

என் கேள்விக்கு விடை அதுதான். மனைவியிடம் விளக்கினேன். "அந்த அஞ்சு பேரும் நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.